ஊர் கட்டும் கரண்ட் பில்

சிறிய நகரங்கள் வெளியிடும் பசுமைத் திட்ட அறிக்கைகளை நான் விரும்பிப் படிப்பேன். ஆற்றல் தணிக்கை என் தொழில் என்பது ஒரு காரணம். அட்டையில் காற்றாலை இருக்கும். உள்ளே மரம் நடும் விழாப் படங்கள் இருக்கும். 2050-க்குள் இதைச் செய்வோம், அதைச் செய்வோம் என்று உறுதிமொழிகள் இருக்கும். நான் முதலில் தேடுவது வேறு ஒரு பக்கத்தை: போன ஆண்டு இந்த நகராட்சி தன் சொந்த இணைப்புகளுக்கு எவ்வளவு மின்கட்டணம் கட்டியது, அதில் எவ்வளவு எதற்குப் போனது? அந்தப் பக்கம் இருந்தால் மீதியை நம்பிக்கையோடு படிப்பேன். இல்லையென்றால் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்வேன்.

ஒரு சிறிய நகரத்தின் கையில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்தால் இதற்கான காரணம் புரியும். வண்டிகள் எவ்வளவு எரிபொருள் குடிக்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. நிலக்கரி விலை அதைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. ஆனால் குடிநீரை மேலே ஏற்றும் பம்பு அதனுடையது. தெருவிளக்கு, கழிவுநீர் நிலையம், அலுவலகம், நூலகம், பல இடங்களில் பள்ளிக்கூடம் எல்லாம் அதன் பொறுப்பு. கட்டடத்துக்கு அனுமதி தரும் மேசையும் அங்கேதான் இருக்கிறது. இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பம்பை ஓட்டுகிறவர், பில்லில் கையெழுத்துப் போடுகிறவர், அதற்கு வரி கட்டுகிறவர் மூவரும் ஒரே தெருவில் எதிரெதிரே வருகிறவர்கள். பெரிய நகரத்தில் இந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆற்றல் சேமிப்பில் பேர் வாங்கிய சிறிய ஊர்களின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், இந்த நெருக்கத்தை அவை எப்படிப் பயன்படுத்திக்கொண்டன என்பதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஓசேஜ். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும், நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஊருக்குச் சொந்தமான நிறுவனமே விநியோகிக்கிறது. அதன் பொது மேலாளராக இருந்த வெஸ் பேர்ட்சால் 1974-இல் ஒரு கணக்குப் போட்டார். மின்தேவை இப்படியே ஏறிக்கொண்டு போனால் புதிதாக மின் உற்பத்திக்கு முதலீடு செய்ய வேண்டும். அதற்குக் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடன் கடைசியில் கட்டணமாக ஊரார் தலையில்தான் விழும். அதற்குப் பதில் தேவையையே குறைத்துவிட்டால்? மின்சாரம் விற்பதே வேலையாக உள்ள மனிதர், ‘குறைவாக வாங்குங்கள்’ என்று ஊராரிடம் சொல்ல ஆரம்பித்தார்.

வெறுமனே சொல்லிவிட்டுப் போகவில்லை. அகச்சிவப்புக் கேமராவால் ஊரில் உள்ள கட்டடங்களைப் படம் பிடித்தார்கள். குளிர்காலத்தில் வீட்டின் வெப்பம் எந்தச் சுவர் வழியாக, எந்த ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே போகிறது என்பது அந்தப் படத்தில் பளிச்சென்று தெரியும். தன் வீட்டுக் கூரை ஒளிர்வதைப் பார்த்தவரிடம் வெப்பக்காப்பு பற்றித் தனியாக வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வெந்நீர் ஹீட்டர்களைச் சுற்றிப் போர்த்துவதற்கு உறைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். மரம் வைக்கச் சொன்னார்கள். வருடக்கணக்கில் இப்படிச் சின்னச் சின்ன வேலைகளாகவே செய்தார்கள். தேவை ஏறும் வேகம் தணிந்தது. நிறுவனம் தன் கடனை அடைத்தது. 1980-களில் மின்கட்டணத்தைப் பலமுறை குறைக்கவும் முடிந்தது.

ஓசேஜ் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், அது பணத்தைப் பற்றி நேராகப் பேசியது. நிலக்கரிச் சுரங்கமோ எரிவாயுக் கிணறோ இல்லாத ஒரு ஊரில், ஆற்றலுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விடும். மிச்சமாகும் பணம் உள்ளூர்க் கடையிலும் தச்சரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் சுற்றி வரும். பூமியைக் காப்பாற்றுவோம் என்ற பேச்சுக்குச் செவிகொடுக்காதவர்கள்கூட இந்தக் கணக்கை நின்று கேட்பார்கள். கேட்டால் போதும், காப்பாற்றுவது தானாக நடந்துவிடும் என்பது என் கருத்து.

சரி, நகராட்சி எங்கே ஆரம்பிப்பது? என்னைக் கேட்டால் பம்பு அறையில்.

குடிநீர் வழங்குவதும் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும் பல நகராட்சிகளின் மின்செலவில் ஆகப் பெரிய பங்கு. மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். ஆனால் பம்பு அறைக்கு யாரும் போவதில்லை. தண்ணீர் வராத நாளில்தான் அதன் நினைவே வரும். நான் பார்த்த ஒரு நீரேற்று நிலையத்தை இங்கே சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் பேச்சுக் கேட்காத அளவுக்கு இரைச்சல். மோட்டார்மேல் கை வைக்க முடியாத சூடு. வெளியேறும் குழாயில் இருந்த பெரிய வால்வு பாதிக்கு மேல் மூடியிருந்தது. ஏன் என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். ‘முழுசாத் திறந்தா ஓவர்லோடு ஆகி டிரிப் ஆயிடும் சார். நான் வந்த நாள்லேர்ந்தே இது இப்படித்தான்’ என்றார். வால்வுக்கு முன்னால் இருந்த அழுத்தமானியின் முள் உயரத்தில் நின்றது. பின்னால் இருந்தது ஏறக்குறைய பாதியில். அந்த இரண்டு முள்ளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் முழுவதும் காசு. தேவையைவிடப் பெரிய பம்பை வாங்கி வைத்து, மின்சாரம் கொடுத்து அழுத்தத்தை உண்டாக்கி, அடுத்த அடியிலேயே அதை வால்வில் தேய்த்து வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டே பிரேக்கால் வேகத்தைச் சமாளிப்பதைப் போன்ற காரியம் இது. ஆபரேட்டர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவருக்குக் கொடுத்த இயந்திரத்தை எரியவிடாமல் காப்பாற்றியிருக்கிறார். தப்பு, பம்பை வாங்கும்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்ட அளவில் இருந்தது.

இது எவ்வளவு பெரிய தொகை என்று பார்ப்போம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இயற்பியல் கேட்கும் ஆற்றல் 0.08 யூனிட்டுக்குச் சற்று அதிகம். ஒரு லட்சம் பேருக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு ஒரு கோடி லிட்டர். எந்த இழப்பும் இல்லாமல் ஏற்ற முடிந்தால் சுமார் 820 யூனிட் போதும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 60 சதவீதத் திறனோடு வேலை செய்தால் ஏறக்குறைய 1,360 யூனிட் ஆகும். தேய்ந்துபோன, அளவு பொருந்தாத பம்பு 40 சதவீதத்தில் ஓடினால் 2,040 யூனிட். வித்தியாசம் நாளுக்கு 680 யூனிட், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் யூனிட்டுக்குப் பக்கம். ஊரில் ஒருவருடைய வாழ்க்கையும் மாறவில்லை, யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. குழாயில் அதே தண்ணீர்தான் வரும்.

இங்கே தொழில்காரனாக ஒரு எச்சரிக்கை. பம்பு என்றதும் விஎஃப்டி என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டச் சொல்லும் விற்பனையாளர்கள் உடனே வந்துவிடுவார்கள். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்தேவை பாதியாகும் என்ற கணக்கைக் காட்டுவார்கள். அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் மூடிய சுற்றில் ஓடும் பம்புக்கும் காற்று விசிறிக்கும் அது ஏறக்குறைய உண்மை. உயரமான தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு அப்படியே பொருந்தாது. தொட்டியின் உயரம் எந்த வேகத்திலும் குறையப் போவதில்லை. வேகத்தை ரொம்பக் குறைத்தால் தண்ணீர் மேலே போகவே போகாது. அங்கே தேவை அளவுக்குப் பொருந்திய பம்பு, அவ்வளவுதான். சில சமயம் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் விட்டத்தைக் கொஞ்சம் கடைந்து குறைத்தாலே போதும்.

அப்புறம் குழாய்க் கசிவு. ஏற்றிய தண்ணீரில் 30 சதவீதம் வழியிலேயே மண்ணுக்குள் போகிறது என்றால், அதை ஏற்றிய மின்சாரமும் அதோடு மண்ணுக்குள் போகிறது. கசிவை 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், வீடுகளுக்கு அதே தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே பம்பு செய்ய வேண்டிய அளவை ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாம். கசிவு அடைக்கும் வேலைக்குத் திறப்பு விழா நடத்த முடியாது. தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், ஜனங்கள் திட்டுகிறார்கள். ஆனாலும் ஒரு நகராட்சி நிஜமாகவே அக்கறையோடு இருக்கிறதா என்பதற்கு, கூரையில் உள்ள சோலார் பலகைகளைவிடக் கசிவுக் கணக்குதான் எனக்கு நல்ல அத்தாட்சி. சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். தேவையைக் குறைத்துவிட்டு வாங்கினால் கொஞ்சமாக வாங்கினால் போதும்.

கழிவுநீர் நிலையத்திலும் இதே கதை. அங்கே மின்சாரத்தைத் தின்பது பெரும்பாலும், நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதும் பிளோவர்கள்தான். எவ்வளவு ஆக்சிஜன் தேவையோ அவ்வளவு மட்டும் ஊதினாலே செலவு குறையும். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் உள்ள கிரெஷம் நகரம் ஒரு படி மேலே போனது. உணவகங்களில் மிஞ்சும் எண்ணெய்க் கழிவைப் பெற்று, கழிவுச் சகதியோடு சேர்த்துச் செரிக்கவைத்து, வரும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறது. 2015 வாக்கில் அந்தச் சுத்திகரிப்பு நிலையம், தான் செலவழிக்கும் மின்சாரம் அளவுக்குத் தானே உற்பத்தி செய்யும் நிலைக்கு வந்தது. சாக்கடையில் ஊற்றினால் குழாயை அடைக்கும் எண்ணெய்தான் அது.

தெருவிளக்கு பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சோடியம் விளக்கை எல்இடியாக மாற்றினால் மின்சாரம் பாதியாவது சாதாரணம். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் நிறத்தைக் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்தில் 2014-இல் நீலம் கலந்த வெள்ளை விளக்குகளைப் போட்டார்கள். ஜன்னல் வழியாக வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று மக்கள் புகார் சொல்ல, குடியிருப்புத் தெருக்களில் இன்னும் மஞ்சளான விளக்குகளை மறுபடியும் வாங்கி மாட்ட வேண்டியதாயிற்று. 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம் என்றது. கெல்வின் என்பது ஒளியின் நிறத்துக்கான அளவு, எண் ஏற ஏற வெளிச்சத்தில் நீலம் கூடும். முதலில் ஒரே ஒரு தெருவில் மாட்டி, அங்கே குடியிருப்பவர்களிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். சிறிய ஊரில் அது முடியாத காரியமா?

இனி, பலரும் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன்: மிச்சமாகிற பணம் எங்கே போகிறது? பம்பை மாற்றி, விளக்கை மாற்றி, நகராட்சி ஆண்டுக்குப் பெரிய தொகையை மிச்சம் பிடிக்கிறது என்று வையுங்கள். அடுத்த பட்ஜெட்டில் நிதிப் பிரிவு மின்கட்டணத் தலைப்பில் அந்தத் தொகையை வெட்டிவிடும். உழைத்த துறைக்கு ஒரு பைசா மிஞ்சாது. அடுத்த வேலைக்கு மறுபடியும் கையேந்த வேண்டும். இரண்டு முறை இப்படி நடந்தால் எப்பேர்ப்பட்ட பொறியாளருக்கும் ஆர்வம் போய்விடும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதற்கு வழி கண்டுபிடித்த நகரங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பெரிய நகரம்தான் என்றாலும், அது 1995-இல் தொடங்கிய ஏற்பாடு எந்தச் சின்ன ஊருக்கும் பொருந்தும். நகராட்சிக்குள்ளேயே ஆற்றல் பிரிவு மற்றத் துறைகளுக்குக் கடன் கொடுக்கும். அந்தத் துறை தன் மின், எரிபொருள் மிச்சத்திலிருந்து அதைத் திருப்பித் தரும். வந்த பணம் அடுத்த கடனுக்குப் போகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரம் 1998-இல் இதே போல ஒரு சுழல்நிதி தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள் போட்டு நிதியை வளர்த்தார்கள். கடன் வாங்கிய பிரிவு எதிர்பார்த்த மிச்சத்தில் 80 சதவீதத்தை ஐந்து ஆண்டுகளுக்குத் திருப்பிக் கட்டும். மீதி 20 சதவீதம் முதல் நாளிலிருந்தே அந்தப் பிரிவுக்கு. இந்த 20 சதவீதத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஹாம்பர்க் பள்ளிகளில் 1994-இல் வந்த ‘ஐம்பதுக்கு ஐம்பது’ திட்டமும் இதே புத்தியில் பிறந்ததுதான். பிள்ளைகளும் ஆசிரியர்களும் மிச்சம் பிடித்ததில் பாதி பள்ளிக்கே. தங்கள் பள்ளிக்கு வரப்போகிற பணம் என்றால் பிள்ளைகள் வகுப்பறையைப் பூட்டுமுன் ஸ்விட்சை அணைத்தோமா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

நிதி இருந்தாலும் ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை எல்லா மீட்டர் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்ப்பதற்கென்றே ஒருவர். கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தால் நடக்காது. அவர் பார்க்க வேண்டியது நிறைய இல்லை. ஒரு அலுவலகக் கட்டடத்தின் மின்பயன்பாட்டை மணிவாரியாகக் கோடு போட்டால், நள்ளிரவில் அந்தக் கோடு கிட்டத்தட்டத் தரையில் படுக்க வேண்டும். படுக்காமல் பகல் நேர உயரத்தில் பாதியிலேயே நின்றால், யாரும் இல்லாத கட்டடத்தில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் ஏசி டைமர் தப்பாக இருக்கும், அல்லது எப்போதோ எடுத்துச் சென்ற கணினிகளுக்காகப் போட்ட குளிர்சாதனம் காலி அறையைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். இதற்கு முதலீடே வேண்டாம்.

தன் வீட்டை இப்படிச் சரிசெய்த நகராட்சிக்குத்தான் ஊராரிடம் பேசும் தகுதி வருகிறது. பேசும் முறைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரத்தில் உளவியல் ஆய்வாளர்கள் 290 வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். கதவுகளில் ஒரு சீட்டைத் தொங்கவிட்டார்கள். நீங்கள் இவ்வளவு மின்சாரம் செலவழித்தீர்கள், அக்கம்பக்கத்தின் சராசரி இவ்வளவு. 2007-இல் வெளியான முடிவு சுவாரசியமானது. சராசரிக்கு மேலே இருந்தவர்கள் குறைத்தார்கள். கீழே இருந்தவர்களோ, நாம்தான் அநாவசியமாகச் சிக்கனமாக இருக்கிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ, கூட்டிவிட்டார்கள்! ஆனால் சிக்கனமாக இருந்தவர்களின் சீட்டில் ஒரு சிரித்த முகத்தையும் வரைந்து வைத்தபோது அவர்கள் கூட்டவில்லை. எல்லாருக்கும் ஒரே துண்டறிக்கையை அச்சடித்து விநியோகிக்கும் நகராட்சிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே சிக்கனமாக இருப்பவருக்கு ஒரு பாராட்டுச் சொல் போகாவிட்டால், அந்தத் துண்டறிக்கையே கெடுதல் செய்யலாம்.

அதே ஊரில் நடந்த இன்னொரு ஆய்வு 2008-இல் வந்தது. சில வீடுகளுக்குச் சுற்றுச்சூழலைக் காக்கச் சொன்னார்கள், சிலருக்குப் பொறுப்புணர்வு, சிலருக்குப் பணம் மிச்சம், சிலருக்கு ‘உங்கள் பகுதியில் பெரும்பாலானோர் ஏசிக்குப் பதில் ஃபேன் போடுகிறார்கள்’ என்ற செய்தி. கடைசிச் செய்தி போன வீடுகளில்தான் மின்பயன்பாடு அதிகம் குறைந்தது. ஆனால் மக்களிடம் நேரில் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து நாங்கள் மாறுவதில்லை என்றுதான் சொன்னார்கள். கருத்துக்கணிப்பை மட்டும் வைத்துப் பிரசாரம் திட்டமிட்டால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு இது நல்ல உதாரணம். ‘எல்லாரும் வீணடிக்கிறார்கள்’ என்று புலம்பும் சுவரொட்டியை நான் எதிர்ப்பதும் இதனால்தான். எல்லாரும் செய்கிற காரியம் என்று நாமே அதற்கு விளம்பரம் கொடுத்துவிடுகிறோம்.

ஒரெகனின் ஹூட் ரிவரில் 1980-களில் இதைப் பெரிய அளவில் பார்த்தார்கள். மின்சாரத்தால் சூடேற்றும் வீடுகளுக்கு வெப்பக்காப்பு வேலையை இலவசமாகச் செய்து தந்தார்கள். உள்ளூர்க்காரர்களைக் கொண்ட குழு அமைத்து, அவர்கள் வாய்வழியாகவே செய்தி பரவியது. தகுதியுள்ள வீடுகளில் 85 சதவீதம் சேர்ந்தன. இவ்வளவு பேர் சேர்வது இந்தத் துறையில் அபூர்வம். மிச்சமான மின்சாரம் மட்டும் பொறியாளர்கள் கணித்ததைவிட நிறையக் குறைவாக இருந்தது. மின்கட்டண உயர்வால் மக்கள் ஏற்கெனவே சிக்கனத்துக்கு மாறியிருந்தார்கள், பலர் விறகு எரித்தார்கள். கணினியில் உள்ள வீட்டில் ஆட்கள் குடியிருப்பதில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் மீட்டரை அளந்ததால்தான் இந்த உண்மையாவது தெரிந்தது.

வாடகை வீடுகளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். வீட்டைச் செப்பனிட வேண்டியவர் சொந்தக்காரர், பில் கட்டுகிறவர் குடியிருப்பவர். செப்பனிட்டால் லாபம் இவருக்கு, செலவு அவருக்கு. அதனால் ஒன்றும் நடக்காது. எவ்வளவு விழிப்புணர்வு ஊட்டினாலும் நடக்காது, ஏனென்றால் இருவருமே விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், 45,000 பேருக்குள் வசிக்கும் பர்லிங்டன் நகரம் இதற்கு விதி கொண்டுவந்தது. வாடகைக்கு விடும் வீடு கைமாறும்போது, சூடேற்றும் செலவு குடியிருப்பவர் தலையில் இருந்தால், குறைந்தபட்ச வெப்பக்காப்பு இருந்தாக வேண்டும் என்றது அந்த விதி. விற்கும் நேரம்தான் சொந்தக்காரர் கையில் பணம் புரளும் நேரம் என்று பார்த்துச் செய்த விதி. என் பார்வையில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் போய்ச் சேராத ஆற்றல் திட்டம் பாதித் திட்டம். மோசமான சுவர்களுக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

பர்லிங்டனுக்கும் சொந்த மின் நிறுவனம் உண்டு. 1990-இல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, ஒரு கோடியே 13 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட அனுமதித்தார்கள். அந்தப் பணம் மின் நிலையம் கட்டுவதற்கு வாங்கியதல்ல, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கென்றே வாங்கியது. கால் நூற்றாண்டு கழித்து ஊர் வளர்ந்திருந்தும், மின்பயன்பாடு 1989-ஐவிடக் குறைவாக இருந்தது. 2014-இல் வினூஸ்கி ஆற்று நீர்மின் நிலையத்தை நகரம் விலைக்கு வாங்கியபோது, தன் தேவை முழுவதற்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று அறிவிக்க முடிந்தது. எல்லாரும் கொண்டாடுவது 2014-ஐ. எனக்கு 1990-தான் பெரிது. அந்த 100 சதவீதக் கணக்கில் ஊரின் விறகு மின் நிலையமும் சேர்த்தி. மரத்தை எரிப்பது எவ்வளவு பசுமை என்று அங்கே இன்றும் கடுமையாக வாதாடுகிறார்கள். வாதாடட்டும், அது வேண்டியதுதான்.

சறுக்கிய ஊரையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவின் கிழக்கு மூலையில் உள்ள கூசிங், சுமார் 4,000 பேர் வாழும் ஊர். வேலை தேடி ஜனங்கள் வெளியே போய்க்கொண்டிருந்த காலத்தில், 1990-இல் அதன் கவுன்சில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருளை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தது. பொறியாளர் ராய்ன்ஹார்ட் கோச்சும், 1992-இல் மேயரான பீட்டர் வதாஸும் அதைக் கையில் எடுத்தார்கள். முதல் வேலை பொதுக் கட்டடங்களில் சிக்கனம். அதிலேயே ஆற்றல் செலவு கிட்டத்தட்டப் பாதியானது. பிறகு 1996-இல் மரக்கழிவால் சூடேற்றிய நீரைக் குழாய் வழியாக ஊருக்கு விநியோகிக்கும் அமைப்பு, 2001-இல் மரத்தை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் புதுவகை நிலையம். உலகெங்கும் இருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். ஆனால் மரத்தின் விலை ஏறியது. மின்சாரத்துக்குக் கிடைத்த உயர்ந்த விலையும் ஓர் அரசாணை குறித்த காலம் வரைதான். 2013-இல் அந்த மின் நிலைய நிறுவனம் திவாலானது. பிற்பாடு நிலையமும் நின்றது. இதைக் காட்டி ‘பார்த்தீர்களா, இதெல்லாம் வேலைக்காகாது’ என்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது வேறு. கட்டடங்களில் செய்த சிக்கனத்துக்கு மரத்தின் விலையைப் பற்றியோ அரசாணையைப் பற்றியோ கவலை இல்லை. வெளியார் நிர்ணயிக்கும் விலையை நம்பி நின்ற பகுதிதான் விழுந்தது.

ஸ்வீடனின் வெக்ஷோ இன்னும் நிதானமாக நடந்த நகரம். கழிவுநீரால் கெட்டுப்போன தன் ஏரியை 1970-களின் தொடக்கத்தில் அடிச் சேற்றை உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்தது. சுற்றுச்சூழல் என்றால் என்ன என்று அந்த ஊர் கற்றது அந்த ஏரியில்தான். 1980-இல், எண்ணெய்க்குப் பதில் காடுகளில் மிஞ்சும் கிளை, பட்டைகளை எரித்து வீடுகளுக்கு வெப்பம் கொடுக்கத் தொடங்கியது. 1996-இல் புதைபடிவ எரிபொருளே இல்லாத நகரமாவது என்று எல்லாக் கட்சிகளும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டன. கட்சிகள் மாறி மாறி ஆண்டும் திசை மாறாததற்கு அந்த ஒருமனம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்கிடும் கார்பன் உமிழ்வு 1993-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இப்போது அங்கே மிஞ்சி நிற்பதில் பெரும்பகுதி போக்குவரத்து. பேருந்துகளைக் கழிவிலிருந்து எடுத்த வாயுவில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆனாலும் கார்கள் கார்கள்தான். பம்பை மாற்றுவது போல, ஊராரின் கார்களை நகராட்சி மாற்ற முடியாது. பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, சைக்கிளில் ஒரு பிள்ளை பயமில்லாமல் பள்ளிக்குப் போக முடிகிறதா, புதிய குடியிருப்புகளுக்கு ஊருக்குள் அனுமதி தருகிறோமா, அல்லது எட்டாத தூரத்திலா என்கிற அளவில்தான் அதன் கை நீளும். இவற்றின் பலன் கண்ணுக்குத் தெரியப் பத்து இருபது வருடம் ஆகும். இன்றைக்கு அனுமதி மேசையில் முத்திரை வாங்கும் மனைப்பிரிவில் அறுபது வருடத்துக்கு மக்கள் குடியிருப்பார்கள், அத்தனை வருடமும் வண்டி எடுத்தே வேலைக்குப் போவார்கள். ஆகவே பம்பு, விளக்கு வேலைகள் முடியட்டும், பிறகு இதைப் பார்ப்போம் என்று தள்ளிவைக்க எந்த ஊருக்கும் வழியில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும்.